மணிக்கட்டை மொத்தமாகப் பூட்டிவிடலாமா? ஆபரேஷன் முடிந்து பத்து வருஷம் ஆனவர்கள் சொல்லுங்கள்

எருக்கஞ்சேரி வெல்டர்

வணக்கம். வயது 47. சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை, கேட்டு, கிரில் வேலை. எனக்கு எல்லாமே வலது கைதான்.

23 வயதில் மணலியில் சாரத்திலிருந்து விழுந்தபோது உள்ளங்கையை ஊன்றிவிட்டேன். அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, சுளுக்கு என்றார்கள். எண்ணெய் தடவி, மூங்கில் தப்பை வைத்து மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். வீக்கம் வடிந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இப்போது கிரைண்டிங் மிஷின் பிடித்த நாளில் ராத்திரி தூக்கம் கிடையாது. காலையில் டீ கிளாஸைத் தூக்கவே இடது கை வேண்டும். ஊசி இரண்டு தடவை போட்டாயிற்று. முதல் ஊசி நாலு மாசம் தாங்கியது, இரண்டாவது மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

புது எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், ஸ்கேஃபாய்ட் என்கிற எலும்பு அன்றைக்கே உடைந்து, ஒட்டாமலே 24 வருஷம் ஓடியிருக்கிறது என்கிறார். அதைச் சுற்றி மூட்டு மொத்தமும் தேய்ந்திருக்கிறதாம். நடுவில் இருக்கும் பெரிய எலும்பின் தலையும் போய்விட்டதால், மூன்று எலும்பை எடுத்துவிடும் ஆபரேஷன் எனக்குச் சரிவராதாம். மீதி இரண்டு வழி. ஒன்று, உடைந்த எலும்பை எடுத்துவிட்டு நாலு எலும்பை ஒன்றாக ஒட்டுவது. பாதி அசைவு மிஞ்சும். இன்னொன்று, பிளேட் போட்டு மணிக்கட்டையே பூட்டிவிடுவது.

ஆறு மாசத்தில் எப்படி இருக்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். எனக்குத் தெரியவேண்டியது பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்பது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகத்துக் கிரேன்

தம்பி, எனக்கு வலது மணிக்கட்டைப் பூட்டி 12 வருஷம் ஆகிறது. இப்போது 58 வயது, ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம். எழுதக் கொஞ்சம் நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படி.

பூட்டுவது என்றவுடன் கை கட்டை மாதிரி ஆகிவிடும் என்று நானும் பயந்தேன். அப்படி ஆகாது. விரல் அஞ்சும் மடங்கும். உள்ளங்கையை மேலே திருப்பலாம், கீழே திருப்பலாம். அது முன்கை எலும்புகள் செய்யும் வேலை, மணிக்கட்டுக்குச் சம்பந்தமில்லை. கண்டக்டர் கொடுக்கும் சில்லறையை இன்றைக்கும் இந்தக் கையில்தான் வாங்குகிறேன். போவது மேலும் கீழும் ஆட்டும் அசைவு ஒன்றுதான். கையைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து வைத்துத்தான் பூட்டுவார்கள், பத்துப் பதினைந்து டிகிரி. அந்தச் சாய்வில்தான் பிடி பலமாக இருக்கும் என்று எனக்குச் செய்தவர் சொன்னார். அது நிஜம்.

முதல் வருஷம் சோதனை. விரல்கள் வீங்கி விறைத்துப் போயின. பிளேட் புறங்கையில் முண்டிக்கொண்டு, விரலை நீட்டும் நரம்பில் உரசியது. (நாம் நரம்பு என்கிறோம், டாக்டர் தசைநாண் என்று திருத்தினார்.) எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது என்று பார்த்துக்கொண்டு மூன்றாம் வருஷம் பிளேட்டை எடுத்தார்கள். அதற்கப்புறம் அந்த இடத்தில் வலி என்று ஒன்று இல்லை. லிவர் பிடிக்கிறேன், சங்கிலி இழுக்கிறேன், மூட்டை தூக்குகிறேன்.

முடியாதது என்ன என்று கேள். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்க முடியாது. குறுகிய வாய் உள்ள டப்பாவுக்குள் கை போகாது. தரையிலிருந்து எழும்போது உள்ளங்கையை ஊன்ற முடியாது, முஷ்டியை ஊன்றி எழுகிறேன். ரசம் சாதம் கொஞ்சம் கஷ்டம். கை வாய்க்கு வருவதற்குப் பதில் வாய் கைக்குப் போகவேண்டும். கல்யாணப் பந்தியில் குனிந்து சாப்பிடுவதைப் பார்த்து அண்ணனுக்கு என்ன பசி என்பார்கள். அதற்கெல்லாம் வெட்கப்பட்டு முடித்தாயிற்று.

ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மணிக்கட்டு செய்யாத வேலையைத் தோள் செய்கிறது. ஏழெட்டு வருஷம் போனதும் வலது தோள் பிடித்துக்கொண்டது. தோளுக்கான பயிற்சியை நீ முதல் நாளிலேயே ஆரம்பித்துவிடு.

பழைய வண்ணாரப்பேட்டை சித்தப்பா

கத்தி வைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் பிண்டத் தைலம் 48 நாள் போட்டார், பழையபடி கேரம் ஆடுகிறார்.

துறைமுகத்துக் கிரேன்

சித்தப்பா, தைலம் போட்டால் இதமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் இரண்டு வருஷம் போட்டேன். இரண்டாக உடைந்து 24 வருஷம் ஆன எலும்புக்கு அது எப்படி வழி செய்யும்?

கைப்பயிற்சி

நான் ஃபிசியோதெரபிஸ்ட். கை ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களோடுதான் தினமும் வேலை. உங்கள் டாக்டர் சொல்வதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்த எக்ஸ்ரே. ஸ்கேஃபாய்ட் உடைந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது சகஜம். கையை ஊன்றி விழுந்து, பெருவிரலின் அடிக்குழியில் அழுத்தினால் வலி என்றால், உடைந்ததாகவே வைத்துக்கொண்டு கட்டுப்போட்டு, பத்துப் பதினாலு நாள் கழித்து மறுபடி படம் எடுக்கவேண்டும். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகத்தான் உள்ளே போகிறது. நடுவில் உடைந்தால் முன்கை பக்கத்துத் துண்டு பட்டினி கிடக்கும். ஒட்டாமல் போவதற்கு அதுவே முக்கியக் காரணம். ஒட்டாமல் விட்டால் தேய்மானம் ஒரே வரிசையில் நகர்கிறது: பெருவிரல் பக்கத்து நுனியில் தொடங்கி, பிறகு அந்தப் பக்கம் முழுக்க, கடைசியில் நடு மூட்டு. இந்த வரிசையை வாட்சனும் பாலேயும் 1984இல் எழுதிவைத்தார்கள். அவர்கள் எழுதியது, எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார் கிழிந்த கைகளைப் பற்றி. ஒட்டாத ஸ்கேஃபாய்டும் ஏறக்குறைய அதே பாதையில்தான் போகிறது. வெல்டர் சார் கடைசிப் படியில் இருக்கிறார். இந்த நிலையிலும் முன்கை எலும்புக்கும், மணிக்கட்டில் பிறை வடிவில் இருக்கும் பிறை எலும்புக்கும் நடுவிலுள்ள மூட்டு பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. நாலு எலும்பை ஒட்டும் ஆபரேஷன் அந்த ஒரு மூட்டை நம்பித்தான் நிற்கிறது.

பத்து வருஷக் கேள்விக்கு வருகிறேன். முழுதாகப் பூட்டினால், பிளேட் போட்ட கைகளில் மிகப் பெரும்பாலானவை ஒட்டிவிடுகின்றன. ஒட்டியபின் அங்கே தேய்வதற்கு மூட்டு இல்லை. அசைவு மிஞ்சும் ஆபரேஷன்களில் மூட்டும் மிஞ்சுகிறது, அது வருஷத்தோடு தேயவும் செய்யும். மூன்று எலும்பை எடுக்கும் முறையைப் பற்றி 2004இல் வந்த ஒரு ஆய்வை நாங்கள் அடிக்கடி பேசுவோம். 22 மணிக்கட்டுகளைச் சராசரியாக 14 வருஷம் பின்தொடர்ந்தார்கள். நாலை மட்டும் பின்னால் பூட்டவேண்டி வந்தது. அந்த நாலும் 35 வயதோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ஆபரேஷன் ஆனவை. தாக்குப்பிடித்த கைகளிலும் பெரும்பாலானவற்றின் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது. ஆனால் எக்ஸ்ரே மோசமாக இருந்தவருக்குத்தான் வலி அதிகம் என்று சொல்லும்படி இல்லை. படத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

மின்ட் தையல்காரர்

மேலே சொன்ன ஆய்வில் நான் இல்லை, ஆனால் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. 31 வயதில் எனக்கு மூன்று எலும்பை எடுத்தார்கள். பிறை எலும்பு ரத்தமில்லாமல் நசிந்துபோனதால் வந்த வினை. எட்டு வருஷம் ஓடியது, 39இல் பூட்டிக்கொண்டேன்.

அது தோற்ற ஆபரேஷன் என்று கணக்கில் எழுதுவார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். அந்த எட்டு வருஷத்தில்தான் கடை வைத்தேன். என் பையன் பிறந்து, அவனைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் தேர் பார்த்ததெல்லாம் அசைகிற கையோடு. கத்தரிக்கோல் பிடிக்க மணிக்கட்டு வளையவேண்டும், அது தையல்காரனுக்குத்தான் தெரியும். முதலிலேயே பூட்டியிருந்தால் தொழிலையே விட்டிருப்பேன். இப்போது வெட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறேன், மிஷினில் நான் உட்காருகிறேன்.

ஆனால் வெல்டர் அண்ணே, உங்களுக்கு 47. என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

காசிமேட்டு டீசல்

எல்லோரும் பூட்டு பூட்டு என்கிறீர்கள். எனக்கு நாலு எலும்பை ஒட்டி 9 வருஷம். போட் இன்ஜின் மெக்கானிக். கை பின்னால் கொஞ்சம் வளைகிறது, முன்னால் கொஞ்சம் வளைகிறது, முன்பிருந்ததில் பாதி இருக்கும். பிடி, நல்ல கையில் முக்கால். ஒரு ஸ்க்ரூ தலை தூக்கி உள்ளே இடித்தது, அதை எடுத்தார்கள். மார்கழிக் குளிரில் கொஞ்சம் இறுக்கும், அவ்வளவுதான். இன்ஜினுக்கு அடியில் கையை விட்டு நட்டைத் தடவிக் கண்டுபிடிக்க வளையாத கையால் முடியுமா? அசைவு ஆண்டவன் கொடுத்தது, நாமே போய் அடைக்கக்கூடாது.

துறைமுகத்துக் கிரேன்

தம்பி டீசல், நீ ஒன்பது வருஷமும் இன்ஜினுக்கு அடியில்தான் படுத்திருந்தாயா? ஹார்பரில் உன்னை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆள்தானே?

காசிமேட்டு டீசல்

ஆறு வருஷமாகக் கடை. அதை நானே சொல்லியிருக்கவேண்டும், தப்புதான். ஸ்பேனர் பிடித்த முதல் மூன்று வருஷத்தில் சாயங்காலமானால் வலிக்கும், மாத்திரை போடுவேன். கடைக்கு வந்தபிறகு மாத்திரை இல்லை. அண்ணன் விடமாட்டார்.

கொருக்குப்பேட்டை மகள்

அம்மாவுக்கு முடக்குவாதம், அதனால் எங்கள் கதை வேறு. ஆனாலும் உதவலாம் என்று எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை அம்மா கோலம் போட உட்கார்ந்தார். இடது கைச் சுண்டுவிரல் தொங்கிக்கொண்டிருந்தது, நீட்ட முடியவில்லை. வலியே இல்லாததால் இரண்டு வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் மோதிர விரலும் தொங்கிவிட்டது. சுண்டுவிரல் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த முன்கை எலும்பு, கயிற்றை அறுப்பது மாதிரி அந்தத் தசைநாண்களை ஒவ்வொன்றாக அறுத்திருக்கிறது. முடக்குவாதக்காரர்கள் வீட்டில் இருந்தால் இதை ஞாபகம் வையுங்கள்: விரல் தொங்கினால் அன்றைக்கே ஓடுங்கள்.

2013இல் இடது மணிக்கட்டைப் பூட்டி, அறுந்த தசைநாண்களைப் பக்கத்து விரலோடு இணைத்தார்கள். வலதைத் தொடவேண்டாம் என்றார்கள். சாப்பிட ஒரு கை, கழுவ ஒரு கை, இரண்டையும் ஒரே நிலையில் பூட்டினால் ஒரு வேலையாவது நின்றுபோகும் என்று அந்த டாக்டரம்மா வெளிப்படையாகச் சொன்னார். எங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்ததை அவரே கேட்டது பெரிய விஷயம். அம்மா இன்றைக்கு அந்த இடது கையால் சமாளிக்கிறார். பக்கவாட்டில் உட்கார்ந்து, கைக்குழாய் வைத்துக்கொண்டு. கைக்குழாய் பொருத்தியது ஆபரேஷனுக்கு முந்தைய வாரம். வெல்டர் அண்ணா, நீங்கள் பூட்டுவது வலது கை என்பதால் இந்தக் கஷ்டம் குறைவு.

அம்மாவுக்குத் தோற்ற வேலை ஒன்றே ஒன்று, குடம். தெரு அடிபம்பில் அடிப்பது முடிகிறது, அது தோள் வேலை. குடத்தை இடுப்பில் வைத்து கழுத்தை வளைத்துப் பிடிக்க மணிக்கட்டு உள்பக்கம் மடங்கவேண்டுமே. இப்போது பிடி வைத்த கேன், பாதி பாதியாக. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கையில் வலி என்று அம்மா சொன்னதில்லை. குடத்தைப் பற்றி மட்டும் இன்னமும் சொல்வார்.

கேரம் காயின்

செயற்கை மூட்டு வைக்கலாமே? முழங்காலுக்கு வைக்கிறார்கள், இடுப்புக்கு வைக்கிறார்கள். இதற்கு மட்டும் ஏன் பூட்டு?

கைப்பயிற்சி

இருக்கிறது. 1960களிலேயே சிலிக்கோனில் செய்து பார்த்தார்கள். வருஷங்கள் போனதும் அது உடைந்தது, உதிர்ந்த துகள்கள் எலும்பை அரித்தன. பின்னால் வந்த உலோக மூட்டுகள் மேல். ஆனால் விரல் பக்கத்தில் சின்னச் சின்ன எலும்புகளில் பிடிக்கவேண்டியிருப்பதால் அங்கே தளர்ந்துவிடும் தொல்லை தீரவில்லை. கனமான சாமான் தூக்கக்கூடாது, சுத்தியல் அடிக்கக்கூடாது என்று ஆயுளுக்கும் கட்டுப்பாடு உண்டு. வீட்டு வேலை, மேசை வேலை செய்யும் வயதானவர்களுக்கு, முக்கியமாக முடக்குவாதத்தில் இரண்டு கையும் போனவர்களுக்கு யோசிப்பார்கள். பட்டறைக்காரருக்கு வைத்தால் மூட்டும் போகும், அதை எடுத்துவிட்டுப் பூட்ட வரும்போது எலும்பும் குறைந்திருக்கும்.

வலியைக் கடத்தும் நரம்பை மட்டும் வெட்டிவிடும் சின்ன ஆபரேஷனும் உண்டு. மாவுக்கட்டு இல்லை, அசைவு அப்படியே இருக்கும். முதலில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வலி அடங்கினால் செய்யலாம். தேய்மானம் மட்டும் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும், சிலருக்கு வலி திரும்பும்.

எருக்கஞ்சேரி வெல்டர்

எல்லோருக்கும் நன்றி. நரம்பு ஊசி எனக்கும் போட்டுப் பார்த்தார்கள், பாதி வலிகூடக் குறையவில்லை. மூன்று சந்தேகம். வண்டி ஓட்டலாமா? ஆக்சிலேட்டர் முறுக்குவது இந்தக் கைதானே. பீடி நாளைக்கு பத்து. டாக்டர் ஆறு வாரம் முன்னாலேயே நிறுத்தச் சொல்கிறார், நிஜமாகவே அவசியமா? இன்னொரு டாக்டரிடம் காட்டுவதென்றால் எங்கே போவது?

பழைய வண்ணாரப்பேட்டை சித்தப்பா

பீடிக்கும் எலும்புக்கும் என்னப்பா? எனக்குக் கால் உடைந்தபோது ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்கு வெளியே நின்று பீடி பிடித்தேன், ஒட்டிவிட்டது.

கைப்பயிற்சி

உங்களுக்கு ஒட்டியது நல்லது, ஐயா. புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போவது அதிகம், இதில் எனக்குத் தெரிந்து டாக்டர்களுக்குள் சண்டையே இல்லை. நிக்கோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. நாலு எலும்பை ஒட்டும் ஆபரேஷனில் அத்தனையும் சின்னச் சின்னப் பரப்புகள், அங்கே இன்னும் மோசம். சர்க்கரை இருந்தால் அதையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், புண் ஆற வேண்டும்.

துறைமுகத்துக் கிரேன்

வண்டி: ஓட்டுகிறேன். முழங்கையைக் கொஞ்சம் தூக்கி இறக்கினால் ஆக்சிலேட்டர் முறுகும். வேகமாகப் பிரேக் பிடிக்கும் பழக்கம் வர எனக்கு மூன்று மாசம் ஆனது. அதுவரை மூலக்கடைப் பக்கம் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகவேண்டாம், இடது பக்கமாக மெதுவாகப் போ. எலும்பு ஒட்டிவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை தொடவே தொடாதே.

இரண்டாவது கருத்து: நம்ம ஏரியாவிலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கைக்கென்றே தனிப் பிரிவு, டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. 2018இல் ஒருவருக்கு இரண்டு கையையும் மாற்றிப் பொருத்தினார்கள், பேப்பரில் வந்ததே. ஓ.பி.யில் காலையிலேயே போய் நில். பழைய எக்ஸ்ரே எல்லாம் எடுத்துக்கொண்டு போ. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் மறக்காதே.

மின்ட் தையல்காரர்

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் என் டாக்டர், கையை அசையவிடாத தப்பை ஒன்றைப் பதினைந்து நாள் மாட்டிக்கொண்டு வாழ்ந்து பார்க்கச் சொன்னார். பூட்டியபின் எப்படி இருக்கும் என்று அதில் தெரிந்துவிடும். கேட்டுப் பாருங்கள் அண்ணே.

எருக்கஞ்சேரி வெல்டர்

மூன்று வாரமாக வரமுடியவில்லை, மன்னிக்கவும். தையல்காரத் தம்பி சொன்னதைக் கேட்டேன். டாக்டர் உடனே எழுதிக்கொடுத்தார். உள்ளே உலோகப் பட்டி வைத்த தப்பை, குளிக்க மட்டும் கழற்றலாம்.

முதல் நாள் எரிச்சல். வீட்டுக்காரி ஸ்பூன் எடுத்துக் கொடுத்தாள், வேண்டாம் என்றேன். இட்லி சுலபம், மோர் சாதம் சட்டையெல்லாம். மூன்றாம் நாள், கையை வளைக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு தட்டை நெருக்கி வைத்துக்கொள்ளும் வித்தை வந்துவிட்டது. ஹோல்டர் பிடித்து வெல்டிங் அடிப்பதில் பெரிய வித்தியாசமில்லை. கையைத் தோளிலிருந்து நகர்த்திப் பழக்கம், இருபது வருஷமாக வலிக்குப் பயந்து அப்படித்தான் அடித்திருக்கிறேன் போல. கிரில்லின் உள்மூலை மட்டும் வரவில்லை, அதைப் பையனிடம் கொடுத்தேன்.

அஞ்சாம் நாள் கிரைண்டரைப் பிடித்தேன், ஒரு மணி நேரம். அன்றைக்கு ராத்திரி படுத்ததும் தெரியும், விடிந்ததும் தெரியும். இடையில் எழுந்திருக்கவில்லை. எத்தனை வருஷம் ஆயிற்று என்று வீட்டுக்காரியைக் கேட்டேன், அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

டீசல் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்லாவில் உட்கார எனக்குக் கடை இல்லை. ஸ்டான்லியிலும் காட்டினேன், அவர்களும் இரண்டும் செய்யலாம், உங்கள் வேலைக்குப் பூட்டுவது மேல் என்றார்கள். ஆடி முடியட்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள், அதனால் ஆவணி முதல் வாரம். பீடியை விட்டு பதினோரு நாள்.

காசிமேட்டு டீசல்

கோபம் என்ன அண்ணே. உங்கள் வேலையை நானும் பார்த்திருந்தால் பூட்டித்தான் இருப்பேன். கேட்டு ஒன்று அடிக்கவேண்டும், ஆபரேஷனுக்கு முன்னாலேயே வாங்கிக்கொள்ளட்டுமா, பின்னாலா?

எருக்கஞ்சேரி வெல்டர்

பின்னால். தைக்கு வாங்க. அளவை இப்போதே அனுப்புங்கள்.

துறைமுகத்துக் கிரேன்

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மோதிரத்தைக் கழற்றிவிடு, விரல் வீங்கினால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். கைப்பகுதி அகலமான சட்டை இரண்டு வாங்கி வை, பிளாஸ்டரோடு நுழையவேண்டும். முதல் பத்து நாள் இரண்டு தலையணை மேல் கையை வை, நெஞ்சுக்கு மேலே இருக்கவேண்டும். விரலை மட்டும் அன்றைக்கே ஆட்ட ஆரம்பி, வலித்தாலும். அதை நான் செய்யாமல் ஒரு வருஷம் அனுபவித்தேன்.